ஆற்றுக்கான மெஷின்

"கடல்ல விழுந்த மோதிரத்தைத் தேடற மெஷின் வேணும், வீட்டுக்காரருக்கு" என்றாள் அந்தப் பெண்மணி.

மெட்டல் டிடெக்டர் கடைக்காரர் நிமிர்ந்தார். "கல்யாண மோதிரமா?"

"ஆமா. குளிக்கும்போது நழுவிடுச்சாம். அஞ்சு மாசமா ஞாயித்துக்கிழமை பூரா இடுப்பளவு தண்ணில நிக்கிறார். மெஷின் கெட்டுப்போய், இன்னிக்கு காலையிலேர்ந்து வீட்லயே இருக்கார்."

"அப்ப இதை எடுங்க. கடலடியில தங்கம் கிடந்தா விடவே விடாது."

"அந்த மூலையில இருக்கறது?"

"அய்யோ, அது ஆத்துக்குத்தான் சரி. உப்புத் தண்ணில ஒண்ணுமே இல்லாம கத்தும். மனுஷன் தோண்டிக்கிட்டே இருக்கணும்."

"அதையே குடுங்க. பேட்டரி சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?"

கடைக்காரருக்குத் தலை சுற்றியது. "வித்தியாசத்தை நீங்களே பாருங்கம்மா. தங்கம் ஏதாவது குடுங்க, காட்டறேன்."

அவள் பர்ஸிலிருந்து தடித்த ஆண் மோதிரம் ஒன்றை எடுத்து வைத்தாள். உள்பக்கம் ஒரு கல்யாணத் தேதி.

"இது..."

"அதேதான். துவைக்கப் போட்ட சட்டைப் பையில கிடைச்சுது. சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவர் தேடக் கிளம்பிட்டார். அன்னிக்கு வீடு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆற்று மெஷினையே கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

அவள் படியிறங்கியதும் சிரிப்பு மெல்ல நின்றது. காலையிலிருந்து கடைக்கு வந்த ஒரே ஆள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்தால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று அவருக்கு யோசனை சொன்னது, அவர் மனைவி.