பன்றி ரத்தச் சட்டி

செத்தவை ஐந்து ஆடுகளா ஆறா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கானோவானாஸ் மலைச்சரிவில் எனெய்தாவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சினையாடு என்பது மட்டும் நிச்சயம். செத்தவற்றின் கழுத்தில் இரண்டு துளைகள் இருந்தன. உடம்பில் சொட்டு ரத்தமில்லை. ஆட்டு ரத்தம் உறிஞ்சும் சுபகாப்ராவின் வேலை என்றது ஊர்.

கிறிஸ்துமஸ் முடிந்து வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், ராஜாக்களின் ஒட்டகங்களுக்காகப் பிள்ளைகள் பெட்டியில் புல் வைத்தார்கள். விடிந்தால் புல் இருக்காது, பரிசு இருக்கும். அதைப் பார்த்ததும் எனெய்தாவுக்குப் பொறி தட்டியது. குடலில் அடைத்துச் செய்யும் தொத்திறைச்சிக்கு எடுத்துவைத்த பன்றி ரத்தத்தைச் சட்டியோடு கொண்டுபோய்ப் பட்டிக்கு வெளியே வைத்தாள்.

"ஏன்க்கா, அந்தச் சனியனுக்கே விருந்தா? அப்படியே காப்பியும் போட்டு வச்சிடேன்!" என்று சிரித்தான் தம்பி வில்ஃப்ரெதோ.

"போடா! வயிறு நெறைஞ்சா என் ஆட்டை விட்டுடும்ல?"

விடிந்ததும் ஓடினாள். சட்டி காலியாகக் கிடந்தது. சினையாடு உயிரோடு நின்றது. அதன் பக்கத்தில், திங்கட்கிழமை வில்ஃப்ரெதோ புதைத்த கறுப்பு ஆடு, முதுகில் ஈரமண்ணோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"டேய், ஓடியாடா! நமக்கும் பரிசு வச்சிட்டுப் போயிருக்குடா!"

வில்ஃப்ரெதோ அந்த மாதமே நியூயார்க்குக்குப் போய்விட்டான். சினையாடு இரண்டு குட்டி போட்டது. எனெய்தா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கறுப்பு ஆடு ஒன்பது வருடம் பால் கொடுத்தது. முள்வேலியில் அதன் காது கிழிந்தபோது ரத்தம் வரவில்லை.