அங்குட்டுச் சுத்திப் போங்க

"உன் கூட்டாளி மருது பயந்து ஓடிட்டான்டா!" என்று எதிரணி மெய்யநாதன் சிரித்தான்.

சோமுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரைக்குடிக் காலேஜ் பையன்கள் ஒக்கூர்ப் பக்கத்துக் கண்மாயில் நடத்தும் பறவை பார்க்கும் போட்டி. அணிக்கு இரண்டு பேர். அதிக வகைப் பறவை காணும் அணிக்குக் கோப்பை. கரண்டிவாயன் நாரைக் கூட்டையே காட்டுகிறேன் என்று சத்தியம் செய்தவன், அந்த ஊர்க்கார மருதுதான்.

"நேர்ல வரட்டும், அவனுக்கு இருக்கு!"

சோமு தனியாகவே கரையில் குப்புறப் படுத்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். கருவேல மரத்தில் அந்தக் கூடு தெரிந்த நேரம், முதுகுக்குப் பின்னால் பல பேர் நடந்துவரும் சத்தம்.

அவன் திரும்பவே இல்லை. கையை மட்டும் ஆட்டினான். "பறவ கலைஞ்சிரும்யா! அங்குட்டுச் சுத்திப் போங்க!"

காலடிகள் நின்றன. பிறகு மெல்ல விலகிப் போயின. ஒரு பறவைகூட எழும்பவில்லை.

கோப்பை சோமுவுக்கு.

நாலு வார்த்தை திட்டிவிட்டு அதை மருது கையில் கொடுக்க அவன் வீட்டுக்கு ஓடினான். வாசலில் மருதுவின் அப்பா மலையாண்டி ஈரவேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"நேத்துச் சாயங்காலம் உங்களுக்காகக் கூடு பாத்து வைக்கப் போனான் தம்பி. பாம்பு கடிச்சிருச்சு."

சோமுவின் பார்வை அந்த ஈரவேட்டிக்குப் போனது. "ஐயா... கொட்டுச் சத்தம்கூடக் கேக்கலையே?"

"குஞ்சு பொரிக்கிற மாசத்துல எங்க ஊர்ல சாவுக்கும் கொட்டு, வேட்டு கெடையாது. சத்தமில்லாமத்தான் கரை வழியாத் தூக்கிட்டு வந்தோம்."

அவர் கோப்பையைப் பார்த்தார்.

"நீங்க கையக் காட்டுனீகள்ல, அதான் அவன அங்குட்டுச் சுத்திக் கொண்டு போனோம்."