மொட்டு தங்காத மஞ்சள் ரோஜா

“இன்னைக்கும் காணோம்!” ஜெயமேரி செடியின் முன் நின்று கத்தினாள்.

சின்னமனூரில் அவர்கள் வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இருந்த துண்டு மண்ணில் அந்த மஞ்சள் ரோஜா மட்டும்தான் நின்றது. மருந்து வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், தானாகப் பூக்கும் என்று சொல்லித்தான் பெரியகுளம் நர்சரியில் கொடுத்தார்கள். முதல் வருடம் மொட்டே வைக்கவில்லை. இப்போது சாயங்காலம் மொட்டு இருக்கிறது, விடிந்தால் இல்லை. ஒரு பூவையாவது தலையில் வைத்துவிட வேண்டும் என்று தவித்தாள் அவள்.

“அணிலா இருக்கும்” என்றார், மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்து வந்த கணவர் பங்கிராஸ்.

“அணிலு காம்ப நறுக்குனாப்ல கிள்ளுமாக்கும்? எல்லாம் பக்கத்து வீட்டு மொக்கம்மா வேலை. இப்பவே போயி நாக்கப் பிடுங்குறாப்ல கேக்கேன்.”

“ஏ, அந்தம்மாவ ஒண்ணும் கேக்காத.”

“அப்பச் செடியத் தோண்டி எறியிறேன்!” மண்வெட்டியை எடுத்துவிட்டாள்.

பங்கிராஸ் குறுக்கே வந்தார். “நான்தான் பறிச்சேன். மொட்டே வைக்கலன்னு அப்ப நீ பொலம்புனியே, பூத்தா அம்புட்டுப் பூவும் மாதாவுக்குத்தான்னு நேந்துக்கிட்டேன். வேண்டுதல வெளிய சொல்லக் கூடாதேன்னு…”

ஜெயமேரி மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

“எனக்குன்னு ஒரே ஒரு பூவ ஒதுக்கிவச்சு நேந்திருந்தா, மாதா வேணாம்னா சொல்லியிருப்பாக?”