சோதனைத் தொட்டி

எங்கள் எந்திரத்தை ஆழத் தண்ணீரில் முக்கிச் சோதிக்க வேண்டும். அதற்கொரு பெரிய தொட்டி தேடி ஊரெல்லாம் அலைந்தேன். நீச்சல்குளத்துக்காரர் விரட்டினார். தீயணைப்பு நிலையத்தில் சிரித்தே அனுப்பினார்கள்.

"இன்ஜினியரிங் படிச்சு என்ன பிரயோஜனம்? ஒரு தண்ணித் தொட்டி பிடிக்கத் துப்பில்ல," என்றார் மேனேஜர்.

எங்கள் வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான். சுருக்கென்றது.

கடைசியில், மூடிக் கிடந்த ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால் தொட்டி கிடைத்தது. நல்ல ஆழம். ஆனால் அடியில் இடுப்பளவு சேறு. நாற்றம் குடலைப் பிடுங்கியது. மேனேஜரிடம் சொன்னேன். "நான் பாத்துக்கிறேன்," என்றார்.

மறுநாள் எந்திரத்தை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். தொட்டி விளிம்பில், இடுப்பில் கயிறு கட்டியபடி ஒருவர் நின்றிருந்தார். பக்கத்தில் மேனேஜர்.

"யார் சார் இவர்?"

"சேறு அள்ள வந்த ஆளும்மா. சுத்தம் பண்ணாதானே தண்ணி நிரப்பலாம்?"

"உள்ள விஷவாயு இருக்கும் சார். செத்துப் போயிடுவார்!"

"அதெல்லாம் அவனுக்குப் பழக்கம். நீ உன் வேலையைப் பாரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அண்ணே, கயிறை அவிழுங்க," என்றேன். அவிழ்த்ததும், அதே கயிற்றை எந்திரத்தின் கொக்கியில் கட்டினேன்.

மேனேஜர் அலறினார். "ஏய்! சோதிக்காத மெஷினைப் போய் உள்ள இறக்குவியா? ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

எந்திரத்தின் மேலுறையைக் கிழித்தெறிந்தேன்.

"நீங்க எழுதச் சொன்னதுதானே சார்? சத்தமா படிங்க."

எந்திரத்தின் மேல் பெரிய எழுத்தில் பளபளத்தது: 'சேறு அள்ள இனி எந்த மனிதரும் தொட்டிக்குள் இறங்க வேண்டாம்!'