காலில்லாத தெரு

கல்வி அலுவலர் மேடம் ஒரு படத்தை எடுத்தார். பார்த்தார். கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

ஓவிய டீச்சர் மேசையோரம் நின்று ஒவ்வொரு படத்தையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

காலையிலேயே தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். கல்வி அலுவலர் மேடம் பார்த்துத் தலையாட்டினால் வெள்ளிக்கிழமை ஓவிய வகுப்பு இருக்கும். உதட்டைப் பிதுக்கினால் அடுத்த வாரம் முதல் அதுவும் கணக்கு வகுப்பு. வாரம் ஒருமுறை வந்துபோகும் அவளுக்கு அப்புறம் இந்தப் பள்ளியில் வேலை இல்லை.

ஐந்தாம் வகுப்பு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது.

கரும்பலகைப் பக்கம் கணக்கு சார் தணிகாசலம். அவர் பீரியடு முடிந்து மணி அடித்து வெகுநேரம் ஆகிறது. கையில் டஸ்டர் இருந்தது. பலகையில் இருந்த வகுத்தல் கணக்கை அழிக்கத்தான் மனசு வரவில்லை.

மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

முந்தைய வகுப்புகளில் வரைந்த படங்கள். குறை சொல்ல முடியாது. தலைப்பு, ‘எங்கள் தெரு’. எல்லாம் பழைய கணக்கு வினாத்தாளின் பின்பக்கம். மீன்காரம்மாவின் கூடையில் மீன்கள் கண்ணடித்தன. டீ மாஸ்டர் ஆற்றிய டீ ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. பால்காரரின் மீசை தாளைத் தாண்டிப் போயிருந்தது.

எல்லாரும் இடுப்போடு முடிந்தார்கள்.

அதற்குக் கீழே வெறும் காற்று.

“ஏங்க டீச்சர், உங்க தெருவுல ஒருத்தருக்கும் காலே கிடையாதா?”

ஜன்னல் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சொல்லலாம். முப்பதுக்கு மேல் பிள்ளைகள், கிரேயான் பெட்டி ஒன்று. அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். குச்சிகளைத் துண்டு துண்டாக உடைத்து, நிறங்களைப் பெஞ்சு பெஞ்சாக நடக்கவிடுவாள். முதலில் கறுப்பு. எல்லாரும் முடி, மீசை, புருவம். அடுத்து சிவப்பு. சட்டை, ஜாக்கெட். கடைசியில் நீலம். இடுப்புக்குக் கீழே எல்லாமே நீலம்.

நீலம் கிளம்புவதற்குள் மணி அடித்துவிடும்.

ஏன் அடித்துவிடும் என்று சொன்னால் கோள் மூட்டினதாகிவிடும். கணக்கு சார் நிரந்தரம். அவள் தற்காலிகம்.

“வந்து... மேடம்...”

அதற்குள் முதல் பெஞ்சு தன்ஷிகா எழுந்துவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

“காலெல்லாம் கணக்கு சார் எடுத்துக்குவாரு மேடம்.”

டஸ்டர் கீழே விழுந்தது.

மேடம் படத்தைப் பார்த்தார். கணக்கு சாரைப் பார்த்தார். பிறகு நிதானமாக அவருடைய கால்களைப் பார்த்தார்.

“வாரா வாரமா?”

“ஆமா மேடம். போன வாரம் இடுப்பையும் எடுத்துட்டாரு.”

“ரெண்டு கணக்குதாங்க மேடம்...” கணக்கு சாருக்கு வியர்த்தது. “பசங்க வகுத்தல்ல கொஞ்சம் வீக்கு...”

“சரி சார். அப்படியே நில்லுங்க. உங்களப் பாத்தே பிள்ளைங்க கால் போடட்டும்.”

நீலம் கிளம்பியது.

கணக்கு சார் ஆடாமல் அசையாமல் நின்றார். அத்தனை கண்களும் அவர் முழங்காலுக்குக் கீழே மேய்ந்தன.

“சார், பேண்ட்டக் கொஞ்சம் தூக்குங்க சார். செருப்பு தெரியல.”

தூக்கினார்.

அவள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். டீ மாஸ்டருக்குக் கணக்கு சாரின் கால்கள் முளைத்திருந்தன. பால்காரருக்கும் அவையே. மீன்காரம்மா கணக்கு சாரின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கூடையோடு கம்பீரமாக நின்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மேடம் தலையாட்டவில்லை. உதட்டையும் பிதுக்கவில்லை. பேசாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கடைசி மணி அடித்தது.

கணக்கு சார் வாசலைப் பார்த்தார்.

பிள்ளைகள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவள் திரும்பினாள்.

மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு வினாத்தாளின் பின்பக்கம். அதில் ஒரு கறுப்பு மீசை, ஒரு சிவப்புச் சட்டை.

“டீச்சர், நீலம் இந்தப் பக்கம் வருமா?”