தரையின் சூடு

"இந்தக் கட்டடத்துலயே இயற்கையை உண்மையா நேசிக்கிறவன் நான் ஒருத்தன்தான்," என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர், மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே. பின்னால் வந்தவர் தலையாட்டினார். அவர் முதுகில் பூச்சிமருந்து டப்பா தொங்கியது.

"மேல்வீட்டு ஆளு ஒரு மாதிரி. பால்கனி பூரா தொட்டி. அழுக்குத் தண்ணி சொட்டி எங்க வீட்டுத் துணியெல்லாம் கறை. கடைத்தெருவுக்கு வெறுங்காலோட போறான். ஒரு செருப்பு வாங்க வக்கில்ல, செடி வளர்க்கிறானாம்!"

சில மாதங்களுக்கு முன் பழைய புத்தகக் கடையில் செயலாளர் ஒரு கவிதைத் தொகுப்பைக் கண்டெடுத்தார். முழுக்க மரம், மழை, புழு, பறவை. அன்றிலிருந்து கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் தினம் காலையில் ஒரு கவிதை, கீழே அதைவிட நீளமாக அவருடைய விளக்கம். பாதிப் பேர் குழுவின் சத்தத்தை அணைத்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு அணைக்கத் தெரியாது.

"இன்னிக்குப் போட்டதைக் கேளுங்க," என்று படியிலேயே கண்ணை மூடினார்.

"குளவி ஒன்று இடம் கேட்டது.
கொடுத்துவிட்டேன்.
அன்றிலிருந்து
தரையின் சூடு எனக்குத் தெரியும்."

"நல்லாருக்கு சார்."

"தரையின் சூடுன்னா ஞானம். குளவின்னா ஆசை. மனுஷன் எங்கயோ அடர்ந்த காட்டுல தவம் கிடக்கார். அட்டையில படம் இல்ல, ஊர் இல்ல, புனைபேர் மட்டும்தான். ஒருநாள் தேடிப் போய்க் கால்ல விழணும்."

"இப்ப நாம எதுக்கு சார் மருந்தடிக்கப் போறோம்?"

"குளவிக்குத்தான். அது வேற குளவி."

மேல்வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். சண்டை போடவில்லை. "தொட்டியெல்லாம் எடுத்துக்குங்க சார். அந்த மூலையை மட்டும் விட்டுடுங்க," என்றார்.

செயலாளர் நேராக அந்த மூலைக்குத்தான் போனார். அங்கே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

"செருப்பு இருக்கா! வெச்சுக்கிட்டா இத்தனை நாளா எல்லாரையும் பாவம் பார்க்க வெச்சீங்க?" ஒன்றை எடுத்துச் சுவரில் தட்ட ஓங்கினார்.

"தட்டிடாதீங்க சார்! உள்ள கூடு இருக்கு." மேல்வீட்டுக்காரர் ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினார். "வருஷா வருஷம் வந்து இடம் கேட்கும். குடுத்துடுவேன்."

செருப்பு அந்தரத்தில் நின்றது. உள்ளே விரல் நுழையும் இடத்தில் உருண்டையாக மண். செயலாளரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட! நீங்களும் அவரைப் படிப்பீங்களா?"

"எங்க சார்... எழுதுறதோட சரி."

செயலாளர் செருப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும் சார்?" என்றார் மருந்தடிப்பவர்.

செயலாளர் செருப்பை எடுத்த இடத்திலேயே, கிடந்த கோணத்திலேயே வைத்தார். மருந்தடிப்பவரை டப்பாவோடு இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் குழுவில் கவிதை வரவில்லை. செயலாளர் வெறுங்காலோடு பால் வாங்கக் கிளம்பினார். அவருடைய செருப்பு பால்கனி மூலையில் கிடப்பதை மனைவி பார்த்தாள்.

"என்னங்க, செருப்பு இங்க சும்மாதானே கிடக்கு?"

"கிடக்கட்டும். யாராவது வந்தா வரட்டும்."