சிவப்பு வளையம்

எண்ணூர் மணல்மேட்டில் ஆலாப் பறவைகள் அடைகாக்கும் வீடியோவை வீட்டில் பார்த்துக் குறிப்பெடுத்துத் தரும் தன்னார்வலர் சிலுவைமுத்து. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் எழுதிய தாளைப் பறவை ஆராய்ச்சியாளர் எழில்மொழி புரட்டினார்.

"நாள் முழுக்க முட்டைமேல உக்காந்திருந்தது பெண்ணுன்னு எழுதியிருக்கீங்க. வீடியோல கால்ல சிவப்பு வளையம் தெரியுதே. அது இருந்தா ஆண்னு சொன்னேனே, அண்ணே?"

"வளையத்த பாக்கல மேடம். அடைகாக்கறது பொம்பளதானே."

உள்ளே குழந்தை அழுதது.

"பாப்பா அழுவுதே?"

"சம்சாரம் உள்ளதான் கீது. பாத்துக்கும்."

அழுகை நிற்கவில்லை. அப்போது, ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சீருடையோடு அவர் மனைவி சில்வியா வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"காலைல ஷிப்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுதானே போனேன். நாள்பூரா வூட்லதானே குந்திகினு கீறே. புள்ளைக்குப் பால் குடுக்கலியா?"

 சிலுவைமுத்து எழில்மொழியின் பேனாவை வாங்கி, தாளில் 'பெண்' என்பதை அடித்தார்.